ஒட்டகம் தெரியும், சிவிங்கி யாரு?

ஒட்டகச்சிவிங்கி என்ற வார்த்தையை நாம எல்லாருமே ஒண்ணாங்கிளாஸ் படப்புத்தகத்தில் படிச்சவங்கதான். படிச்சதோட சரி. என் அக்கா பையன் மட்டும் விடமாட்டேன்னுட்டான். "மாமா, ஒட்டகம் தெரியும். சிவிங்கின்னா என்ன மாமா?"

நியாயமான கேள்வி. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கிற என் தமிழறிவுக்கு உடனே பதில் வரலை. சரி, பெரிய புரோகிராமை உடைச்சுப் பார்க்கிற மாதிரி வார்த்தையை உடைச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன். கிரேக்கர்கள் அந்த மிருகத்துக்கு வைத்த பெயர் கமீலோபார்டலிஸ். ஒட்டகம் மாதிரி உடம்பு, சிறுத்தை மாதிரி புள்ளி, அதனால ஒட்டகச்சிறுத்தை. நம்ம ஒட்டகச்சிவிங்கியும் அதே ஃபார்முலாதான். ஆக, சிவிங்கி என்பது உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பூனைச் சாதி. கன்னடத்திலும் தெலுங்கிலும் சிவங்கி என்பார்கள். ராஜாக்கள் மான் வேட்டைக்குப் பழக்கி வைத்திருந்த ஒல்லியான, நீளக்கால் சிறுத்தை இருக்கே, சீட்டா, அதுக்குப் புழங்கின பெயர். இப்போது தமிழில் இயற்கை பற்றி எழுதுபவர்கள் சீட்டாவை சிவிங்கிப்புலி என்கிறார்கள். லிங்க்ஸ் என்ற காட்டுப் பூனை இனத்தை சிவிங்கிப் பூனை என்கிறார்கள்.

கொடுமையைப் பாருங்க. ஆப்பிரிக்காவில் இருக்கிற மிருகத்துக்கு பெயரைக் கடன் கொடுத்துட்டு, பெயருக்குச் சொந்தக்காரன் நம்ம நாட்டிலேயே இல்லாமல் போனான். நமக்கு மிச்சம் இருந்தது வார்த்தை மட்டும்தான். இந்தப் பதிவு காணாமல் போன அந்த சிவிங்கி, காணாமல் போய்க்கொண்டிருக்கும் அதன் கூட்டாளி, போயே போச்சு என்று நினைத்தபோது திரும்பி வந்த ஸ்பெயின் நாட்டு லிங்க்ஸ், இந்த மூணு பேரைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க :-)

காதில் குஞ்சம் வைத்த பூனை

எங்க துறை ஆளுங்களுக்கு லிங்க்ஸ்னு சொன்னா முதலில் ஞாபகம் வருவது 1992-ல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் எழுதின பிரவுசர். படம் கிடம் எதுவும் காட்டாது, எழுத்து மட்டும்தான். 'இணைப்பு' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையை வைத்துச் செய்த சிலேடை அந்தப் பெயர். நிஜ லிங்க்ஸ் அதைவிட அழகு. குட்டை வால், கன்னத்தில் கிருதா மாதிரி தொங்கும் முடி, காது நுனியில் கறுப்புக் குஞ்சம். மொத்தம் நாலு வகை. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை இருப்பது யூரேசிய லிங்க்ஸ். இதுதான் லடாக்கின் நூப்ரா, சாங்தாங் பகுதிகளிலும் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் ஒரே அசல் லிங்க்ஸ் இதுதான். வட அமெரிக்காவில் இரண்டு வகை, கனடா லிங்க்ஸும் பாப்கேட்டும். ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் மட்டும் வாழ்வது ஐபீரிய லிங்க்ஸ்.

கண்பார்வைக்கு ஐரோப்பாவில் பேர் போன மிருகம் இது. 1603-ல் ரோம் நகரில் ஆரம்பித்த அறிவியல் கழகத்துக்கு 'லிங்க்ஸ் கண்ணர்கள் கழகம்' என்றே பெயர் வைத்தார்கள். 1611-ல் கலிலியோ அதில் உறுப்பினர் ஆனார். வானத்தில் ஒரு மங்கலான நட்சத்திரக் கூட்டத்துக்கு லிங்க்ஸ் என்று பெயர் வைத்தவர் ஹெவெலியஸ். இந்தக் கூட்டத்தைப் பார்க்கணும்னா லிங்க்ஸ் மாதிரி கண்ணு வேணும் என்பதுதான் காரணம். மனுஷனுக்கு குசும்பு அதிகம்.

இன்னொரு விஷயம் கேளுங்க, பின்னாடி தேவைப்படும். கனடாவில் ஹட்சன்ஸ் பே கம்பெனி என்று ஒரு ரோமத்தோல் வியாபாரக் கம்பெனி. எந்த வருஷம் எத்தனை லிங்க்ஸ் தோல் வந்தது என்று நூறு வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். சார்லஸ் எல்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அந்தக் கணக்கை எடுத்து ஆராய்ந்து, நிக்கல்சன் என்பவரோடு சேர்ந்து 1942-ல் கட்டுரை வெளியிட்டார். சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு முறை லிங்க்ஸ் எண்ணிக்கை மலை மாதிரி ஏறி, பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியிருக்கிறது. அங்கே பனிமுயல் எண்ணிக்கையும் அதே பத்து வருஷக் கணக்கில்தான் ஏறி இறங்குகிறது. முயல் குறைந்தால், பின்னாடியே லிங்க்ஸும் குறையும். கம்பெனிக்காரன் எழுதினது என்னவோ வியாபாரக் கணக்குதான். ஆனால் ஒரு பூனையின் தலையெழுத்து அதன் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அரண்மனைப் பூனைகள்

நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். லிங்க்ஸ் மாதிரியே காதில் நீளமான குஞ்சம் வைத்த இன்னொரு பூனை இந்தியாவின் வறண்ட காடுகளில் உண்டு. பெயர் கேரகல். செம்மண் நிறம், புள்ளி கிடையாது, காதின் பின்பக்கம் கன்னங்கரேல். துருக்கி மொழியில் 'கரா குலாக்' என்றால் கருங்காது. பாரசீகத்தில் 'சியாகோஷ்', அதுக்கும் கருங்காது என்றுதான் அர்த்தம். ஐரோப்பியர்கள் ரொம்ப நாள் இதை பாரசீக லிங்க்ஸ், பாலைவன லிங்க்ஸ் என்றெல்லாம் கூப்பிட்டார்கள். உண்மையில் இது லிங்க்ஸுக்கு தூரத்துச் சொந்தம்தான். நெருங்கின உறவு ஆப்பிரிக்காவின் செர்வல் பூனை.

கேரகல் உட்கார்ந்த இடத்திலிருந்து மூணு மீட்டர் உயரம் வரை எகிறிக் குதித்து, பறக்கிற பறவையை அந்தரத்தில் அடித்துப் பிடிக்கும். ராஜாக்கள் சும்மா விடுவார்களா? டெல்லியில் பிரோஸ் ஷா துக்ளக் (ஆட்சி 1351-1388) கேரகல்களைப் பராமரிக்க அரண்மனையில் தனி இலாகாவே வைத்திருந்தார். அக்பர் காலத்து அயினி அக்பரியிலும் சியாகோஷ் வேட்டை பற்றிக் குறிப்பு இருக்கிறது. புறாக்கூட்டத்தில் இதை விட்டு, எது அதிகப் புறாவை அடிக்கும் என்று பந்தயம் கட்டுவதும் நடந்திருக்கிறது.

சீட்டாவுக்கு மவுசு இன்னும் அதிகம். அக்பர் 1,000 சீட்டா சேர்த்து வைத்திருந்தார் என்று அவர் மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். இங்கேதான் சிக்கல். கூண்டில் வைத்தால் சீட்டா குட்டி போடாது. ஜஹாங்கீர் காலத்தில் ஒரே ஒரு முறை மூணு குட்டி பிறந்தது. அதை அதிசயம் என்று பதிவு செய்து வைத்தார்கள். அதற்கு அடுத்து அடைப்பில் சீட்டா குட்டி போட்டதாகப் பதிவானது 1956-ல், அமெரிக்காவின் பிலடெல்பியா மிருகக்காட்சி சாலையில். அப்படின்னா அரண்மனைகளில் இருந்த அத்தனை சீட்டாவும் காட்டிலிருந்து பிடித்து வந்தவை. செலவு மட்டும் உண்டு, வரவே கிடையாது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் போனால் எந்த வங்கிக் கணக்கு தாங்கும்?

புதுச்சேரியை இடித்தவரும் ஒரு சீட்டாவும்

முதலியார்பேட்டைக்காரன் நான். சுற்றிச் சுற்றி எங்க ஊருக்கு வராமல் இருப்பேனா?

1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. முற்றுகை போட்டு ஜெயித்தவர் அயர் கூட். ஆனால் பிடித்த ஊர் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டவர் சென்னை கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகாட். கோட்டையும் ஊரும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. இன்றைக்கு வெள்ளை டவுனில் நாம போட்டோ எடுக்கிற கட்டடங்கள் எல்லாம் அந்த இடிபாட்டுக்குப் பிறகு எழும்பியவை.

அந்த பிகாட் 1763-ல் பதவியை விட்டு இங்கிலாந்து போனார். அவர் மூலம் ஒரு சீட்டாவும், அதைப் பார்த்துக்கொள்ள இந்தியப் பராமரிப்பாளர்களும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சீட்டா மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு அன்பளிப்பு. 1764-ல் விண்ட்சர் பூங்காவில் ஒரு கலைமானுக்கு எதிராக அதை விட்டுப் பார்த்தார்கள். அந்த மான் கொம்பை ஆட்டி விரட்டிவிட்டது. சீட்டா வெறுத்துப்போய் பக்கத்துக் காட்டுக்குள் ஓடி வேறொரு மானை அடித்தது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர் அந்தச் சீட்டாவை தலைப்பாகை கட்டின இரண்டு இந்தியர்களோடு வரைந்த படம் மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இன்றும் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்க. சீட்டாவின் நெற்றியில் சிவப்பு முக்காடு; கண்ணை மூடுவதற்காக மாட்டுவது. ஊர் பேர் தெரியாத சீமைக் காட்டில் அந்த ரெண்டு பேரும் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று எனக்கு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேரகலும் அதே காலத்தில் கப்பல் ஏறியிருக்கிறது. கிளைவ் இந்தியாவிலிருந்து அனுப்பின ஒரு சியாகோஷ் லண்டன் டவரில் இருந்ததைப் பற்றி ஜேம்ஸ் பார்சன்ஸ் என்பவர் எழுதின கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் 1760 வாக்கில் வந்தது. புதுச்சேரி விழுந்த அதே 1761-ல்தான் பிரான்சில் புஃபோன் தன்னுடைய 'இயற்கை வரலாறு' நூலின் 9-ஆம் தொகுதியில் இந்தப் பூனைக்கு 'கரகால்' என்ற துருக்கிப் பெயரையே ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தார். ஒரே வருஷத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு ஊர் போச்சு, ஒரு பூனைக்குப் பேர் கிடைச்சது.

பிறகு நடந்தது தெரிந்த கதை. வெள்ளைக்காரர் ஆட்சியில் 'கொடிய மிருகம்' என்று தலைக்கு இவ்வளவு என பரிசு வைத்துக் கொன்றார்கள். மேய்ச்சல் வெளி வயலாக மாறியது. வெளிமான் குறைந்தது. 1947-ல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கொரியா சமஸ்தானத்து மகாராஜா மூணு சீட்டாவைச் சுட்டார். 1952-ல் இந்தியாவில் சீட்டா அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பர் 17-ல் நமீபியாவிலிருந்து 8 சீட்டாக்களைக் கொண்டு வந்து மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விட்டது வரை, எழுபது வருஷம் சிவிங்கி நமக்கு வெறும் எழுத்து. வந்ததும் ஆப்பிரிக்கச் சீட்டாதான். இங்கே இருந்த ஆசியச் சீட்டா இப்போது ஈரானில் விரல் விட்டு எண்ணுகிற அளவில்தான் மிச்சம்.

முயலுக்கு வைத்த விஷம்

இப்போ ஸ்பெயினுக்குப் போகணும். வழியில் பிரான்சில் ஒரு வண்டி மாறணும்.

1952 ஜூன். அப்போ நம்ம புதுச்சேரியிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. பாரிசுக்கு மேற்கே மெய்ல்புவா என்ற இடத்தில் பெரிய மதில் போட்ட எஸ்டேட். சொந்தக்காரர் பால் ஃபெலிக்ஸ் அர்மான் தெலீல், ஓய்வுபெற்ற டாக்டர், கிருமி ஆராய்ச்சியாளர். தோட்டத்தில் முயல் தொல்லை தாங்கவில்லை. ஆஸ்திரேலியாவில் மிக்ஸோமா என்ற வைரஸை விட்டு முயல்களை ஒழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுவிட்சர்லாந்து ஆய்வகத்திலிருந்து அதே வைரஸை வரவழைத்தார். இரண்டு முயலுக்கு ஊசி போட்டு விட்டார். ஆறே வாரத்தில் எஸ்டேட்டில் 98 சதவீதம் முயல் காலி. மதில் இருக்கு, வெளியே போகாது என்று நினைத்தார். கொசுவுக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மதில் ஒரு கேடா? 1954 முடிவதற்குள் பிரான்சின் காட்டு முயல்களில் சுமார் 90 சதவீதம் செத்துப்போயின.

முயல் வேட்டைக்காரர்கள் கொதித்தெழுந்து வழக்குப் போட, 1955-ல் டாக்டருக்கு 5,000 பிராங்க் அபராதம். அடுத்த வருஷமே, முயல் தொல்லை ஒழிந்து மரக்கன்றுகள் பிழைத்ததற்காக வனத்துறை ஆட்கள் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்! ஒரே காரியத்துக்கு அபராதமும் பதக்கமும்.

இந்தக் கூத்தில் யாருக்கும் ஞாபகம் வராத ஒரு ஜீவன் ஐபீரிய லிங்க்ஸ். அதன் சாப்பாட்டில் 80-லிருந்து 90 சதவீதம் முயல்தான். ஒரு நாளைக்குச் சுமாராக ஒரு முயல் வேண்டும். வைரஸ் மலை தாண்டி ஸ்பெயினுக்குள் வந்தது. முயல்கள் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி பெற்று நிமிர்ந்த நேரத்தில், 1980களின் கடைசியில் ரத்தக்கசிவு நோய் என்று இரண்டாவது வைரஸ். இதற்கு நடுவில் 1970களின் தொடக்கத்தில் லிங்க்ஸ் வேட்டைக்கு ஸ்பெயினில் தடை வந்துவிட்டது. சட்டம் துப்பாக்கியை நிறுத்தியது. பசியை எந்தச் சட்டம் நிறுத்தும்? 2001-ல் இனப்பெருக்கம் செய்யும் வயதில் இருந்தவை 62 மட்டும். தெற்கு ஸ்பெயினில் அந்தூஹார், தொன்யானா என்று இரண்டே இடம். ரெண்டுக்கும் நடுவில் போக்குவரத்து கிடையாது.

அங்கிருந்து திரும்பி வந்த கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் முயல். புதர் வளர்த்து, செயற்கை வளை கட்டி, முயல்களைக் கொண்டு வந்து விட்டார்கள். அந்தூஹார் பக்கம் நிலத்தில் பெரும்பகுதி தனியார் வேட்டை எஸ்டேட். சொந்தக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, "உன் நிலத்தில் லிங்க்ஸ் இருக்கட்டும், முயலைச் சுடாதே" என்று பேசி முடித்தார்கள். அடுத்து இனப்பெருக்கம். 2005 மார்ச்சில் தொன்யானா பக்கத்து எல் அசெபூச்சே மையத்தில் சாலியேகா என்ற தாய் லிங்க்ஸ் மூணு குட்டி போட்டது. உலகத்திலேயே அடைப்பில் பிறந்த முதல் ஐபீரிய லிங்க்ஸ் குட்டிகள். ஒவ்வொரு வருஷக் குட்டிகளுக்கும் ஆங்கில அகரவரிசையில் ஒரு எழுத்து. உபுண்டு வெளியீட்டுக்குப் பேர் வைக்கிற மாதிரி. அந்த மூணில் ஒன்று சில வாரங்களில் கூடப் பிறந்ததோடு நடந்த சண்டையில் செத்தது. லிங்க்ஸ் குட்டிகள் அந்த வயதில் உயிர் போகிற அளவு சண்டை போடும் என்ற பாடம் அப்படிக் கிடைத்து, அதற்குப் பிறகு கண்காணித்துப் பிரித்து வைத்தார்கள். மூணாவதாக ரோடு. வண்டியில் அடிபட்டுச் சாவது இன்றும் பெரிய பிரச்சினை. அதனால் சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை, ஓரத்தில் வேலி.

2010-லிருந்து 400-க்கும் மேற்பட்ட லிங்க்ஸ்களை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் காட்டில் விட்டிருக்கிறார்கள். 62 என்பது 2022-ல் 648 ஆனது. 2005-ல் 449 சதுர கிலோமீட்டரில் ஒண்டிக்கொண்டிருந்தவை இன்று 3,320-க்கும் மேல் பரவியிருக்கின்றன. 2024 கணக்கெடுப்பில் குட்டி குளுவானோடு மொத்தம் 2,401. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2015-ல் ஒரு படி, 2024 ஜூனில் இன்னொரு படி என ஆபத்துப் பட்டியலில் அதைக் கீழே இறக்கியது. இருபது வருஷ வேலை. பூனைக்கு எவ்வளவு செய்தார்களோ அவ்வளவு முயலுக்கும், நிலத்துக்கும், நில உரிமையாளருக்கும் செய்திருக்கிறார்கள்.

இங்கே கணக்கு என்ன சொல்லுது?

தர்மேந்திர கண்டல், இஷான் தார், ஜி.வி. ரெட்டி மூவரும் 2020-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 1616-லிருந்து 2020 ஏப்ரல் வரை இந்தியாவில் கேரகல் பற்றிய 134 பதிவுகளைத் தேடி எடுத்து மேப்பில் குறித்தார்கள். நானூறு வருஷத்தில் 134 என்பதே எவ்வளவு குறைவு பாருங்க. ஒரு காலத்தில் 13 மாநிலங்களில் இருந்தது, 2001-க்குப் பிறகு 3 மாநிலங்களில்தான் தென்பட்டிருக்கிறது. சுதந்திரத்துக்கு முன் பதிவான பரப்பு 7,93,927 சதுர கிலோமீட்டர். 2001-2020-ல் 16,709. இனம் தழைக்கும் அளவுக்கு இருக்கலாம் என்று அவர்கள் சொல்லும் இடங்கள் இரண்டே இரண்டு: ராஜஸ்தானில் ரந்தம்போர் சுற்றுவட்டாரம், குஜராத்தில் கட்ச்.

இரண்டு இடம். 2001-ல் ஸ்பெயின் நின்ற அதே படிக்கட்டு.

ஆனால் ஒரு வித்தியாசம். ஐபீரிய லிங்க்ஸ் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அதனால் உலகமே பதறியது. கேரகல் ஆப்பிரிக்காவில் நிறைய இருக்கிறது. உலகப் பட்டியலில் அது 'கவலை குறைந்த' இனம். அந்த ஒரு வரி நம்ம நாட்டுக் கேரகலுக்கு வினையாகிவிட்டது. 2021 தொடக்கத்தில்தான் மிக ஆபத்தான இனங்களுக்கான மத்திய அரசின் மீட்புப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் காந்தி சாகர் சரணாலயத்தில் தானியங்கிக் கேமராவில் ஒரு கேரகல் விழுந்தது. சீட்டாவுக்கு இரண்டாவது வீடாகத் தயார் செய்த இடம் அது! வந்த விருந்தாளிக்காகப் புல்வெளியைப் பாதுகாத்தால், வீட்டிலேயே இருந்த பழைய ஆளும் தலை காட்டுகிறார்.

பொறம்போக்கு

ஏன் இந்தப் பூனைகள் மட்டும் இப்படிப் போகின்றன? புலிக்கு காடு வேண்டும் என்றால் நமக்கு உடனே புரிகிறது. அடர்ந்த மரம், ஆறு, அருவி. கேரகலுக்கும் சீட்டாவுக்கும் வேண்டியது முள்ளுக்காடு, புல்வெளி, கரடு முரடான ஓடைப்பள்ளம். அதைப் பார்த்தால் நம்ம கண்ணுக்கு 'சும்மா கிடக்குற நிலம்'. மத்திய அரசு வெளியிடும் நில வரைபடத் தொகுப்புக்குப் பெயரே 'பாழ்நில அட்லஸ்'; புதர் நிலமும் ஓடைப்பள்ளங்களும் அதில் பாழ்நில வகைகள். நம்ம வருவாய்த்துறைத் தமிழில் தரிசு, புறம்போக்கு. இதில் புறம்போக்கு என்ற சொல்லை நாம என்ன செய்து வைத்திருக்கிறோம்? டிராபிக்ல குறுக்கே வர்றவனைத் திட்டுகிறோம். ஊருக்குப் பொதுவான நிலத்தின் பெயர் கெட்ட வார்த்தை ஆகிவிட்டால், அந்த நிலத்தில் வாழும் உயிருக்கு யார் வக்காலத்து வாங்குவது?

இத்தனைக்கும் அதை வேறு மாதிரிப் பார்த்தவர்கள் எங்க ஊரிலேயே இருந்தார்கள். செயின்ட் லூயி வீதியில் 1955-ல் தொடங்கின பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1961-லிருந்து தாவர வரைபடங்கள் வெளியிட்டது. முதல் தாளே கன்னியாகுமரிப் பகுதி. அதில் முள்காட்டுக்கும் புதர்க்காட்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. மழை எவ்வளவு, மண் என்ன, எந்தச் செடி என்று பார்த்துப் பிரித்தார்கள். அதே நிலம்தான். ஒரு மேப்பில் பாழ், இன்னொரு மேப்பில் தாவரம்.

நம்ம கரையோரக் காடே இந்தக் குட்டையான, வறண்ட, ஆனாலும் பச்சை மாறாத காடுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சாமி பயத்தில் பிழைத்த காடு.

கடைசியாக ஒருத்தர். இவர் நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. சங்கப் பாடல்களில் கோழி பிடிக்க வரும் வெருகு இருக்கே, அந்தக் காட்டுப் பூனை. நீளமான கால், சாம்பல் பழுப்பு உடம்பு, வளையம் போட்ட குட்டை வால். காது நுனியை உற்றுப் பார்த்தால் சின்னதாக ஒரு கறுப்புக் குஞ்சம்! அதனாலேயே ஐரோப்பியர்கள் இதை 'சதுப்பு லிங்க்ஸ்' என்றார்கள். நாணல், கரும்புத் தோட்டம், வயல் வரப்பு, ஏரிக்கரைப் புதர் இதெல்லாம் இதன் வீடு. ராஜஸ்தானின் சரிஸ்காவில் நடந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டில் ஒரு வெருகு ஒரு நாளைக்கு 3-லிருந்து 5 எலி தின்னும். பாகூர் பக்கம் கரும்பு போடும் எங்க சித்தப்பா ஒருத்தர் எலிமருந்துக்கு ஆகும் செலவைச் சொல்லிப் புலம்புவார். "அந்தப் பூனை வந்தா கோழி போயிடும்டா, அதான் விரட்டுறோம்" என்றும் சொல்வார். வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் எலி தின்னும் வேலையாளைக் கோழிக்காக விரட்டிவிட்டு, விஷத்துக்குக் காசு கொடுக்கிறோம். விஷம் தின்ற எலியை வெருகு தின்றால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மெய்ல்புவா டாக்டரின் கதை சின்ன அளவில் இங்கே வரப்பில் நடக்கிறது.

வெருகு இன்றைக்கு அழியும் நிலையில் இல்லை. அதனால்தான் இப்பவே சொல்லத் தோணுது. 1850-ல் யாராவது 'கேரகல் காணாமல் போகும்' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஊசுட்டேரியை 2008-ல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தண்ணீரில் உள்ள பறவைக்கு இடம் கிடைத்தது. கரைமேல் உள்ள புதருக்கும் அதே மரியாதை கிடைத்தால் வெருகுக்கு அது போதும். காடு வளர்க்கக் கேட்கவில்லை, 'சுத்தம் பண்றேன்' என்று ஜேசிபி கொண்டு வராமல் இருந்தாலே போதும்.

ஸ்பெயின்காரர்கள் 62-ல் விழித்துக்கொண்டு, இருபது வருஷம் செலவு செய்து மீட்டார்கள். நாம வெருகு எத்தனை இருக்கிறது என்று எண்ணவே தொடங்கவில்லை. கேரகலுக்கு நானூறு வருஷத்தில் 134 பதிவு என்று வருத்தப்பட்டேனே, நம்ம மாவட்டத்து வெருகுக்கு அந்தக் கணக்காவது இருக்க வேண்டாமா? உங்க ஊர்ப் பக்கம் இதைப் பார்த்திருந்தால் எந்த இடம், எந்த வருஷம், அங்கே அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு பின்னூட்டத்தில் போட்டுட்டுப் போங்க மக்களே. தோல் வியாபாரி எழுதின கணக்கே அறிவியலுக்கு உதவியிருக்கு, நாலு பதிவர் எழுதினா உதவாதா என்ன?